உள்தாழ்ப்பாள்

கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வருகிறவள் அண்ணாந்து பார்க்க வேண்டும். எங்கள் மேஸ்திரி கதவைப் பார்ப்பாள். வீட்டுக்காரியை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடச் சொல்லுவாள். பிறகு சேலைக்கு மேல் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வெளியே நின்று தோளால் ஒரு இடி. கதவு ஆடினால் போயிற்று. அன்றைக்குக் கூரையும் சுவரும் குளியலறையும் கதவுக்கு அப்புறம்தான்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. ரகசியம் எதுவும் இல்லை. நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மலையாளத்துக்காரிகள் அவளை 'மேஸ்திரிச் சேச்சி' என்றார்கள். நான் வெறும் 'மேஸ்திரி' என்றேன். அவள் என்னை 'நீங்க' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது இருந்தேன்.

நான் இங்கே மலையாள மண்ணில், கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து, அதே வீட்டில் இருந்துகொண்டே அரசாங்க ஆபீசுக்குப் போய்வந்து, ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்வேன். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள். வாரநாட்களை எப்படியோ ஓட்டிவிடலாம். பால்காரர், காய்கறி, வங்கி என்று ஏதாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சகிக்காது. பெண்களே சேர்ந்து, ஆதரவில்லாத பெண்களின் வீடுகளைப் பழுதுபார்த்துத் தரும் கூட்டம் ஒன்று ஞாயிறுதோறும் வேலை செய்கிறது, தன்னார்வமாக யாரும் வரலாம் என்று நூலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சேவை மனப்பான்மையில் போனேன் என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்து போனேன்.

முதல் நாள் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"மாமிக்கு என்ன வேல தெரியும்?"

"நோட் எழுதத் தெரியும். டிராஃப்ட் போடத் தெரியும்."

"அப்போ மணல் சலிங்க. வேண்டாதத தள்ளணும். ஆபீஸ்ல செஞ்சிருப்பீங்கல்லா?"

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அதற்குள் சல்லடையை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் கை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் தூங்கினேன். அம்மா போன பிறகு அப்படித் தூங்கியது அன்றுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வள்ளியூர்ப் பக்கம். சின்ன வயதிலேயே கட்டட வேலைக்கு இங்கே வந்தவள். மலையாளத்தில் பேசும்போது அவள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். தமிழுக்கு வந்தால் தாழ்ந்துவிடும், வீட்டுக்குள் வந்துவிட்டவள் மாதிரி. என் பேச்சு அவளுக்கு வேடிக்கை. நான் எதையாவது 'ஆக்கும்' போட்டு முடித்தால், அடுத்த வாய்ச் சோற்றுக்கு முன் அவளும் ஒரு 'ஆக்கும்' போடுவாள். சிரிக்கமாட்டாள். அதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும்.

கதவு விஷயத்தை அப்படி ஒரு மதியம்தான் கேட்டேன். கூரையில் ஓட்டை இருக்கும்போது கதவை இடித்துக்கொண்டு நிற்பது என்ன கணக்கு என்று.

"கூரை ஒழுகுனா கீழ பாத்திரம் வைக்கலாம் மாமி. கதவு தொறந்துச்சுன்னா என்னத்த வைக்க?"

அவ்வளவுதான் பதில். டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

தாழ்ப்பாள் வாங்க அவளோடு சாலைக் கடைத்தெருவுக்குப் போவது ஒரு தனி அனுபவம். இரும்புச் சாமான் கடை அண்ணாச்சி இவள் தலையைக் கண்டதுமே பெருமூச்சு விடுவார். அவர் எடுத்துப் போடுகிற ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள்.

"அண்ணாச்சி, இது கதவுக்கா, மிட்டாய் டப்பாக்கா?"

"ஏம்மா, ஒனக்கு ஜெயிலுக்குப் போடுத மாரி வேணுமா?"

"ஆமா. ஜெயிலுக்குப் போடுததுதான் வேணும். தொறக்கது மட்டும் உள்ள இருக்கவ கையில."

அண்ணாச்சி உள்ளே போய்க் கனமாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கப்புறம் அவளுக்கென்று அதையே தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

ஒரு வீட்டில் சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்கும் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். வீட்டுக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. இருப்பது நானும் என் பெண்டாட்டியும், இந்த அறைக்கு எதற்கு உள்ளே தாழ்ப்பாள் என்று மலையாளத்தில் எகிறினான். அவன் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூனை வருமாம், அதற்குத்தான் என்றாள் மேஸ்திரி. பூனைக்கு இவ்வளவு பெரிய தாழ்ப்பாளா என்று கேட்டான். பூனை எவ்வளவு பெரிசு என்று வீட்டுக்காரிக்குத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு, அவனை ஏறிட்டும் பார்க்காமல் திருப்புளியைத் திருகிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அந்தப் பெண் எங்களுக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். மேஸ்திரியின் டம்ளரை மட்டும் விளிம்புவரை நிரப்பினாள்.

அவளுடைய பழைய கதை எனக்கு அதிகம் தெரியாது. ஒரே ஒரு தடவை, மழைக்கு ஒதுங்கி நின்றபோது, தானாகச் சொன்னாள். "பதினோரு வருசம் வேல நடக்க கட்டடத்துலயே படுத்திருக்கேன் மாமி. கதவு வைக்கதுக்கு முன்ன. கதவு வச்சாச்சின்னா அடுத்த கட்டடத்துக்குப் போயிரணும்." நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மழை விட்டதும் மணலை மூடியிருந்த தார்ப்பாயை எடுக்கப் போய்விட்டாள். வித்துரா போகும் வழியில் எங்கோ ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள், முதல் பஸ்ஸில் வந்து கடைசிக்கு முந்தின பஸ்ஸில் போகிறாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாவுக்காரி இருந்தாள். இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கும் சாயாக் கடைகளுக்கும் கொடுப்பவள். அறுபதைத் தாண்டியவள், தனிக்கட்டை. குடித்துவிட்டு வருகிறவர்கள் அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். கதவும் அவர்களோடு சேர்ந்து சாயும். கூரையைவிட அதுதான் பயம் என்று அவளே சொன்னாள். மேஸ்திரிக்குக் கேட்க வேண்டுமா? ஆஞ்சிலிப் பலகையில் புதுக் கதவு, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள், கீலெல்லாம் உள்பக்கம். ஜன்னலுக்குக் கம்பி. தகரக் கூரையைக் காற்று தூக்காதபடி திருகாணி வைத்து முடுக்கினோம். முடித்தபிறகு மாவுக்காரி உள்ளே தாழிட்டுக்கொள்ள, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இடித்தோம். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து மாவுக்காரி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் செய்த வேலை என்று மனதார நினைத்துக்கொண்ட முதல் கதவு அதுதான். நான் சலித்த மணல் அந்த நிலையைச் சுற்றிப் பூசிய பூச்சில் இருந்தது.

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் எனக்கு ஃபோன் வந்தது. கூட்டத்தில் அந்தப் பக்கத்துக்குக் கிட்டே இருப்பவள் நான்தான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாவுக்காரி திங்கட்கிழமையே உள்ளே வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு போய்விட்டது. கதவு அடைத்திருக்கவும் மார்த்தாண்டத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருப்பாள் என்று சந்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வெளியே பூட்டுத் தொங்குகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. புதன்கிழமை, இரண்டு நாளாக மாவு வராத கோபத்தில் சண்டை போட வந்த சாயாக் கடைக்காரர்தான் முனகல் கேட்டு நின்றிருக்கிறார்.

நான் போனபோது நாலைந்து ஆண்கள் கதவை மோதிக்கொண்டிருந்தார்கள். கதவு, நாங்கள் சோதித்துப் பார்த்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது. கூரையைப் பிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. ஜன்னல் கம்பியை ஆட்டினார்கள், ஆடவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தோம்.

மேஸ்திரி வேலைத் தலத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். வந்ததும் கதவைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு ஆண்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, உளியை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். கதவு உடையாது, நிலையோடு பெயர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அடிக்கிற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நாந்தான். வந்துட்டேன். ஒரு அஞ்சு நிமிசம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது, மெதுவாக, ஆனால் தெளிவாக. "கதவ ஒடச்சிராதீங்க பிள்ளைகளா. நல்ல கதவாக்கும்."

மேஸ்திரியின் சுத்தியல் நின்றது. ஒரு தடவைதான். பிறகு முன்னைவிட வேகமாக அடித்தாள். அஞ்சு நிமிஷம் என்றது முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மாவுக்காரி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. தங்கை மகள் வந்து மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டையெல்லாம் சிமென்ட் தூள். "தண்ணிக் குடம் மூணடி தூரத்துல இருந்திருக்கு மாமி," என்றாள். நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். அது உன் தப்பு இல்லை என்று சொன்னேன். ஆபீசில் விளக்கக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற குரலில் சொன்னேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. நாலாவது ஞாயிறு ஒரு கோணிப்பையோடு வந்தாள். பையைக் கவிழ்த்ததும் உள்ளிருந்து இரும்புக் கம்பிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், நுனி ஒவ்வொரு விதமாக வளைந்தது. தாழ்ப்பாளுக்கு நேரே கதவில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாகக் கம்பியை விட்டுத் திருப்பினால் வெளியிலிருந்தே தாழ்ப்பாள் நகரும். ஒரு வீட்டுக் கம்பி இன்னொரு வீட்டுக் கதவில் ஏறாது. எல்லாம் அவளே காய்ச்சி அடித்தது. அதுவரைக்கும் நாங்கள் போட்ட கதவுக்கெல்லாம் திரும்பப் போவது என்று அன்றே முடிவாயிற்று.

துளை போடுவது கால் மணி நேர வேலை. அதற்கப்புறம்தான் கஷ்டம். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "இத யார்ட்ட குடுத்து வைக்கட்டும்?"

எத்தனை வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை தெரியுமா? வீட்டுக்காரிகள் சிரிப்பார்கள், யோசிப்பார்கள், பிறகு தரையைப் பார்ப்பார்கள். ஒருத்தி துபாயில் இருக்கும் மகள் பேரைச் சொன்னாள். அங்கேயிருந்து கம்பி எட்டாதே என்றாள் மேஸ்திரி. பலபேர் நீயே வைத்துக்கொள் என்றார்கள். அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "நான் பஸ் பிடிச்சு வரதுக்குள்ள என்னெல்லாமோ ஆயிரும். கூப்பிட்டாக் கேக்க தூரத்துல ஆளு வேணும்." சாக்கடைத் தகராறில் பக்கத்து வீட்டோடு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தியை, கம்பியும் கையுமாக அந்த வீட்டு வாசலுக்கே அனுப்பினாள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரி கம்பியை வாங்கிக்கொண்டு போய்க் காலண்டர் ஆணியில் மாட்டினாள். இரண்டு வீடு அப்படி அமைந்தது. மற்ற வீடுகளில் கம்பியை வெறுமனே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கேட்காமலே என் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் என் தெருவுக்குள் வந்ததில்லை.

"மாமியும் தனியாத்தான இருக்கீங்க?"

"எனக்கெதுக்கு? எங்காத்துக் கதவு திருவிதாங்கூர் காலத்துக் கதவாக்கும்."

"அதான் பயம்," என்றாள், துளைக்கருவியை எடுத்துக்கொண்டே.

வேலை முடிந்தது. கம்பியை நீட்டினாள். மற்ற வீட்டில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். நானும் மற்றவர்களைப் போலவே சிரித்தேன், யோசித்தேன். தெருவில் இடது பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் அமெரிக்காவில். வலது பக்கத்து வீட்டை ஒரு கம்பெனி கிடங்காக எடுத்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தீபாவளிக்குப் பட்சணம் கொடுப்பேன். அவர்கள் ஃபோன் நம்பர் என்னிடம் இல்லை. பிறந்த தெருவில் ஒரு பேர் என்னால் சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, பேச்சை அவள் பக்கம் திருப்பினேன்.

"உன் கம்பி யார்கிட்ட இருக்கு?"

"நான் கம்பி அடிக்கல மாமி. இப்போ தாப்பா போடுததே இல்ல. சும்மா சாத்தி வைப்பேன்."

"தூக்கம் வருமோ?"

"இல்ல," என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

சாயா போட்டுக் கொடுத்தேன். முற்றத்தில் நின்றே குடித்தாள். உட்காரச் சொன்னேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவில்லை. டம்ளரைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல யாரு இருக்கா?"

"யாரும் இல்லை. பழைய சாமானாக்கும், போட்டு வச்சிருக்கேன்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நின்றாள். அவள் கேட்டது என்னவென்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியாதவள் மாதிரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ம்," என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். "மதி," என்றாள் மலையாளத்தில், போதும் என்று. "பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமி."

மேலே சாமான் எதுவும் இல்லை. வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, தனிக் குளியலறையோடு ஓர் அறை சும்மா கிடந்தது. தெருவில் என்ன சொல்லுவார்கள் என்று பார்த்தேன். சொல்வதற்குத் தெருவில் யார் இருந்தார்கள்? பாதி வீடு பூட்டு, மீதி கிடங்கு. தடுத்தது தெரு இல்லை, நான்தான். கரமனை அக்ரஹாரத்து வீட்டில் ஒரு கொத்துவேலைக்காரி. அந்த எண்ணம் என் மனதில் ஓடியது. மணல் சலித்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் ஓடியது. வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஐந்தாறு ஞாயிறு வந்தாள். என்னிடம் முன்போலவேதான் பேசினாள். ஆனால் மலையாளத்தில் பேசினாள். ஓணத்துக்குப் பிறகு வரவில்லை. எறணாகுளத்தில் பெரிய வேலை கிடைத்துவிட்டது என்றார்கள், ஊருக்கே போய்விட்டாள் என்றார்கள். அவள் நம்பரைக் கூப்பிட்டால், உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. அந்த மாதமே மாடியை வாடகைக்கு விட்டேன். அறை காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி, நம்மவர்கள்தான். மரியாதையான பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலக்காட்டுக்குப் போனால் திங்கட்கிழமை காலையில்தான் வருவார்கள். வீட்டுக் கம்பி அவர்களிடம் இருக்கிறது. ஆகவே, நான் விழுவதாக இருந்தால் வாரநாட்களில்தான் விழ வேண்டும்.